வேனுக்குள் எல்இடி: மூன்றரை வருஷத்துக்குப் பிறகு

வீடு தண்டையார்பேட்டையில். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெம்போ டிராவலரின் பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அலமாரி, சின்ன அடுப்புமேடை எல்லாம் வைத்துத் தங்கிப்போகும் வேனாக மாற்றினோம். பாடி கட்டியவர் கூரையில் ஆறு ஹாலஜன் பல்பு போட்டுக் கொடுத்தார். நகைக்கடை ஷோகேஸில் சின்னக் கிண்ணம் மாதிரி எரியுமே, அதேதான். ஜோராகத்தான் இருந்தது, பழவேற்காட்டில் முதல் ராத்திரி தங்கும்வரை.

ஒவ்வொன்றும் 20 வாட். ஆறும் சேர்ந்து 120. 12 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர். நாலு மணி நேரம் எரிந்தால் 40 ஆம்பியர்-அவர் காலி. வேனில் இருப்பதோ 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி; அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுசு போச்சு. அன்றைக்கு விடிவதற்குள் ஃபேன் நொண்ட ஆரம்பித்துவிட்டது.

கரண்ட்டைவிடக் கொடுமை சூடு. சித்திரை வெயிலில் வெந்த தகரக் கூரைக்குக் கீழே ஆறு குட்டி அடுப்பு. ஒரு பல்பைச் சுற்றிப் பிளைவுட் பழுப்பேறிக் கிடந்ததை மனைவிதான் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கவில்லை.

2022 தொடக்கத்தில் எல்இடிக்கு மாறினேன். முதல் செட் ரிச்சி தெருவில் வாங்கியது. அதே அளவு, அதே இரண்டு பின், ஒன்று 70 ரூபாய். இரண்டே மாதத்தில் மூன்று அவுட். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை, பெட்டியில் '12 வோல்ட்' என்று போட்டிருந்ததைப் பார்த்து மயங்கியது நான்தான். வண்டியில் 12 வோல்ட் என்பது சும்மா பேச்சுக்கு. எஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும்போது 14.4 வரை போகும். வீட்டு ஃபால்ஸ் சீலிங்குக்கென்று செய்த மலிவு பல்பு அதை எங்கே தாங்கும்? அடுத்த செட்டை '10–30 வோல்ட் டிசி' என்று அச்சிட்டிருக்கிறதா பார்த்தே வாங்கினேன். 3 வாட், ஒன்று 280 ரூபாய். விலை வலித்தது. ஆனால் இதுவரை ஒன்றே ஒன்றுதான் போயிருக்கிறது, அதுவும் கடல் காற்றில் பின் பச்சை பூத்து. மழைக்காலம் முடிந்ததும் எல்லாப் பின்னையும் உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்துவிடுவேன்.

நிறத்திலும் ஒருமுறை ஏமாந்தேன். முதல் செட் 6500 கெல்வின், பளீர் வெள்ளை. "இன்னாங்க இது, காசிமேட்டு மீன் ஏலத்துல குந்தினு சாப்புட்ற மாதிரி கீது" என்றாள் மனைவி. இப்போது இருப்பது 3000 கெல்வின், மஞ்சள். பூச்சித் தொல்லையும் குறைந்த மாதிரி இருக்கிறது.

இப்போது ஆறும் சேர்ந்தே 18 வாட். நாலு மணி நேரத்துக்கு 6 ஆம்பியர்-அவர். இந்த எண்ணின் அருமை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில்தான் தெரிந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை. வேனை முன்கூட்டியே மேட்டில் நிறுத்தியிருந்ததால் ராத்திரிக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் அதற்குள்தான். மூன்று ராத்திரி விளக்கு எரிந்தது, ஊர்ப்பட்ட போன் சார்ஜ் ஆனது, எஞ்சினை ஒருமுறைகூட ஸ்டார்ட் பண்ணவில்லை. ஹாலஜன் என்றால் முதல் ராத்திரியோடு சரி.

சொன்னதெல்லாம் உள்விளக்குக்கு மட்டும். ஹாலஜனுக்குச் செய்த ஹெட்லைட்டில் எல்இடியைச் செருகி எண்ணூர் நெடுஞ்சாலையில் எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தாதீர்கள்.

குறை ஒன்று பாக்கி. பல்புக்குள் கரண்ட்டைச் சீராக்கித் தரும் டிரைவர் சர்க்யூட் ரேடியோவில் இரைச்சலைக் கிளப்புகிறது. எஃப்எம் 101.4-ஐத் திருப்பினால் பாட்டோடு 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். ஆன்டெனாவுக்குப் பக்கத்திலுள்ள இரண்டு பல்பை அணைத்தால் நின்றுவிடும். அதனால் இளையராஜா வந்தால் எங்கள் வேனில் முன்பாதி இருட்டுதான்.