பால் காளான் அறையும் மார்கழிக் கூதலும்: நான்கு வருட அனுபவம்

ஊட்டிக்காரர் ஒருவரிடம் தென்காசிப் பக்கத்துக் கடையத்தில் கூதல் தாங்கவில்லை என்று சொன்னால் சிரிப்பார். மார்கழி விடியற்காலையில் என் காளான் அறையில் 21 டிகிரி காட்டும். அவ்வளவுதான் எங்கள் ஊர்க் குளிர். ஆனால் பால் காளானுக்கு அதுவே பெரிய கொடுமை. 30 முதல் 35 டிகிரி வரை இருந்தால்தான் அது நன்றாகக் குடை விரிக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட பால் காளான் ரகத்துக்கு ஏபிகே 2 என்று பெயர். ஏபிகே என்றால் அருப்புக்கோட்டை. அந்த வெக்கையில் தேறி வந்த ரகம் மலையடிவாரத்து மார்கழியில் என்ன செய்யும்? என் அறையில் இரண்டு இரவு தொடர்ந்து 25க்குக் கீழே இறங்கினால் மொட்டுகள் வளர்வதை நிறுத்திவிடும். மூன்றாம் நாள் பழுப்பேறி, கடுகு மாதிரிச் சுருங்கிக் கிடக்கும்.

2021 ஐப்பசியில் ஆரம்பித்து நான்கு மார்கழி பார்த்தாயிற்று. சூடேற்ற என்னவெல்லாம் வாங்கினேன், எது நின்றது, எது பரணுக்குப் போனது என்று எழுதி வைத்தால் இந்தப் பக்கம் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும்.

குளிர்காலத்தில் சிப்பிக் காளான் போட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிப்பிக்கு 25 டிகிரியே போதும், சூடேற்றும் செலவே கிடையாது. ஆனால் பறித்த அன்றே விற்றாக வேண்டும். பால் காளான் ஃபிரிட்ஜ் இல்லாமலே இரண்டு மூன்று நாள் தாங்கும். அதோடு கார்த்திகை, மார்கழியில்தான் குற்றாலத்தில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். சைவ ஓட்டல்களில் காளானுக்கு ஓட்டம் இருப்பதும் அப்போதுதான். என்னிடம் வாங்கும் தென்காசி ஓட்டல் அண்ணாச்சி முதல் வருடமே சொல்லிவிட்டார்: "வெள்ளையாத்தான் வேணும்டே. மார்கழி, பனின்னு எங்கிட்ட கதை சொல்லாத."

அறை எங்கள் பழைய மாட்டுத் தொழு. 12க்கு 10 அடி, மேலே நாட்டு ஓடு, மேற்குச் சுவர் மலையைப் பார்த்து நிற்கிறது. தரையைக் கொஞ்சம் பள்ளமாக்கி, ஓட்டுக்குக் கீழே நீலப் பாலித்தீன் பாய் கட்டியிருக்கிறேன். வைக்கோல் அவிப்பது, அதைப் பையில் அடைத்துப் படுக்கையாக்கி வித்து (காளான் விதை) போடுவது, பதினைந்து நாள் கழித்துப் பையை இரண்டாக அறுத்து மண் போடுவது எல்லாம் வழக்கமான முறைதான், அதை விட்டுவிடுகிறேன்.

முதல் வருடம் ஆறு குண்டு பல்பு, ஒவ்வொன்றும் 100 வாட். ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, காளான் வளக்கியா கோழிக்குஞ்சு வளக்கியா?" என்றாள். பல்புக்கு நேர் கீழே உள்ள படுக்கை காய்ந்தது, மூலையில் இருந்தது குளிர்ந்தே கிடந்தது. தை முதல் வாரத்தில் தண்ணீர் தெளிக்கும்போது சூடான கண்ணாடியில் துளி பட்டு இரண்டு பல்பு வெடித்தன. சாப்பிடுகிற பொருளில் கண்ணாடித்தூள்! முப்பது படுக்கையைத் தூக்கித் தென்னை மூட்டில் கொட்டினேன்.

அந்த ஆத்திரத்தில் செய்ததுதான் கரி அடுப்பு. இதை யாரும் செய்யக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். ஒரு வாரம் இரவில் கரியைக் கனிய வைத்து உள்ளே வைத்தேன். 31 டிகிரி ஜோராக நின்றது. நான்காம் நாள் விடியற்காலை உள்ளே போய்ப் பத்து நிமிடம் வேலை பார்த்ததும் தலை கிறுகிறுத்து, வாந்தி எடுத்து, வாசல் திண்ணையில் வந்து விழுந்தேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அப்போதும் புத்தி வரவில்லை; கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனால் போதும் என்று நினைத்தேன். காளான்தான் கடைசியில் நிறுத்த வைத்தது. கரியமில வாயு கூடினால் தண்டு நீளும், குடை சிறுக்கும். அந்த அறுவடையை அண்ணாச்சி கையில் எடுத்து, "என்னடே இது, முருங்கைக்காயா?" என்றார்.

இரண்டாம் வருடம் கொஞ்சம் நாகரிகமாக, காற்று ஊதும் ரூம் ஹீட்டரும் சூட்டைப் பார்த்து அதைப் போட்டு அணைக்கும் டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டும் வாங்கினேன். சுவரில் 30 டிகிரி அசையாமல் நின்றது. ஆனாலும் மொட்டு வரவில்லை. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டபிறகு புரிந்தது. 22 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டு நீர் வெளியேறாமலே ஈரப்பதம் 53 சதவீதம் அளவுக்கு விழுந்துவிடும். காற்றுக்குத் தாகம் கூடிவிடுகிறது. அது படுக்கை மண்ணிலிருந்து உறிஞ்சும். மண் வெடிக்கும், நான் தண்ணீர் தெளிப்பேன், அந்தத் தண்ணீர் ஆவியாகும்போது மண்ணின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்குதான். சுவரில் 30 இருந்தபோது மண்ணுக்குள் தெர்மாமீட்டரைச் செருகினேன்: 26. இத்தனை நாளும் நான் சுவருக்குத்தான் கணப்புப் போட்டிருக்கிறேன், காளானுக்கு இல்லை.

அந்த தெர்மோஸ்டாட்டும் காலை வாரியது. உள்ளே சுவிட்சாக இருக்கிற ரிலே ஒருநாள் ஒட்டிக்கொண்டு ஹீட்டரை அணைக்கவே இல்லை. விடிந்து பார்த்தால் 41 டிகிரி, பாதிப் படுக்கை வாடிப்போயிருந்தது. பெட்டியின் மேல் 10 ஆம்பியர் என்றுதான் போட்டிருந்தார்கள். ஹீட்டர் இழுத்தது 6 ஆம்பியர்கூட இல்லை. மலிவான ரிலேயில் எழுதியிருப்பதில் பாதியை நம்பினால் போதும். இப்போது தெர்மோஸ்டாட் ஒரு கான்டாக்டரை (அதிகக் கரண்ட் தாங்கும் பெரிய சுவிட்ச்) மட்டும் இயக்கும், பளுவைக் கான்டாக்டர் தாங்கும். கடைக்கார எலக்ட்ரீஷியனே மாட்டிக் கொடுத்துவிட்டார். இரண்டு வருடமாகத் தொந்தரவு இல்லை.

திருப்பம் என்று சொன்னால் ஆச்சி சொன்ன ஒரு வார்த்தைதான். "மலைக்காத்து மேக்கால ஓட்டு இடுக்குல விசிலடிச்சிட்டு வருது. அத அடைக்காம என்னத்த எரிச்சி என்ன?" ராத்திரி ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தேன், புகை நேராக ஏறாமல் கிழக்கே சாய்ந்து ஓடியது. 12க்கு 10 அடி அறையில் உள்ள காற்றை மட்டும் ஐந்து டிகிரி ஏற்ற ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. நம் காசைத் தின்பது காற்று இல்லை, சுவரும் ஓடும் இடுக்கும். அதனால் சுவருக்கும் பாலித்தீனுக்கும் நடுவில் இரண்டு அங்குலத் தெர்மாகோல், ஓட்டு இடுக்கில் சாக்குத் துண்டு, கதவுக்கு உள்ளே இன்னொரு சாக்குத் திரை. எல்லாம் அடைத்துவிடவில்லை, காற்று மாற மேலும் கீழும் ஒவ்வொரு சின்னத் திறப்பு விட்டிருக்கிறேன். ஹீட்டரே போடாமல் விடிகாலை 21 என்றிருந்தது 24 ஆனது. நான் செலவழித்ததில் உருப்படியான பணம் இதுதான்.

மீதி ஐந்தாறு டிகிரிக்குத்தான் இப்போது இருக்கும் டிரம். 200 லிட்டர் இரும்பு டிரம், அதில் 1500 வாட் இம்மர்ஷன் ராடு. சாயங்காலம் மூன்று மணி நேரம் ஓடினால் தண்ணீர் 40லிருந்து 60க்கு வரும், நாலரை யூனிட். அப்புறம் ராட்டை அணைத்துவிடுவேன். இரவு முழுக்க டிரம் பைய பையச் சூட்டை விடும். மூடியைக் கால்வாசி திறந்து வைத்தால் ஈரமும் சேர்ந்தே வரும். ஈரப்பதம் 80க்குக் கீழே போவதில்லை. மண்ணின் சூடு 29, 30. ஹீட்டர் காலத்தில் கிடைக்காத எண்.

குறை இல்லாமல் இல்லை. எங்கள் கிணற்று நீரில் உப்பு அதிகம், ராட்டில் வெள்ளையாகப் படிந்து இரண்டு வருடத்தில் இரண்டு ராடு மாற்றினேன். தண்ணீர் மட்டம் ராட்டுக்குக் கீழே போனால் எரிந்துவிடும், தினமும் பார்க்க வேண்டும். ஈர அறை, இரும்பு டிரம், கரண்ட் மூன்றும் சேர்ந்த இடம். டிரம்முக்கு எர்த் கொடுத்து, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டபிறகுதான் ஓட்டினேன். அப்படியும் பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் விரல் வைப்பதில்லை. அந்தப் பாதுகாப்புக்குச் செலவு செய்ய மனமில்லாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

2023 டிசம்பர் 17, 18 மழை யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டிய மழை. எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை, அறையில் நூறு படுக்கை மொட்டு நிலையில். வைக்கோல் அவிக்கிற அண்டா ஞாபகம் வந்தது. புறவாசல் கூரைக்குக் கீழே விறகு மூட்டி, தண்ணீரைக் கொதிக்க வைத்து, குடம் குடமாக டிரம்மில் ஊற்றினேன். நெருப்பு வெளியே, சூடு மட்டும் உள்ளே. பத்துப் பதினைந்து படுக்கைதான் போனது. அதிலிருந்து வைக்கோல் அவிக்கும் நாளெல்லாம் மிச்ச வெந்நீர் டிரம்முக்குத்தான் போகிறது. அதற்கு முன்பு இரண்டு வருடம் அதைச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரே விஷயம், வைக்கோல் தண்ணீர் மறுநாளே நாறும். டிரம்மை மூடியே வைத்து, மறுநாள் வெளியேற்றிவிட வேண்டும்.

சில்லறை விஷயங்கள். காலையில் மேல்தொட்டித் தண்ணீரை அப்படியே தெளிக்காதீர்கள், சில்லென்று இருக்கும். வெதுவெதுப்பாகத் தெளித்தால் நல்லது. வித்து வைக்கோலுக்குள் பரவி ஓடும் நாட்களில் படுக்கையே கொஞ்சம் சூடு உண்டாக்கும், அதனால் மார்கழியில் பைகளை நெருக்கித் தொங்கவிடுகிறேன். சித்திரையில் இதைச் செய்தால் வெந்துபோகும். குளிரில் வித்து ஓட்டம் மந்தமானால் பச்சைப் பூசணம் முந்திக்கொள்ளும். ஈரப்பத மீட்டர் சரியா என்று பார்க்க, மூடிய டப்பாவில் ஈரமாக்கிய உப்போடு ஒரு ராத்திரி வையுங்கள், 75 காட்ட வேண்டும். என்னுடையது 68 காட்டியது. அது காட்டுவதோடு 7 கூட்டிக்கொள்கிறேன்.

ஆனி, ஆடிச் சாரலில் இதே டிரம் பாதி நேரம் போதும். அப்போது தலைவலி வேறு: வைக்கோல் காயாது, ஈ வரும்.

வெயில் காலத்தில் ஒரு படுக்கைக்கு 400 கிராம் வரை எனக்குக் கிடைக்கும். முதல் மார்கழியில் 90 தேறவில்லை, போன மார்கழியில் 310. மார்கழி, தை இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 250 யூனிட்டைத் தாண்டுகிறது. ஐயப்ப சீசன் விலைக்குக் கட்டுப்படியாகிறது, சீசன் இல்லாவிட்டால் சந்தேகம்தான்.

தெர்மாகோலில் கட்டெறும்பு வீடு கட்டிவிட்டது. பிய்த்துப் பார்த்தால் உள்ளே சல்லடை. மருந்து அடிக்க முடியாது, காளான் அறை. இந்த வருடம் அதை எடுத்துவிட்டு, சாக்கில் உமியை நிரப்பி மேற்குச் சுவரில் வெளிப்பக்கமாக அடுக்கி, மேலே தார்ப்பாய் போடலாம் என்று இருக்கிறேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு ரைஸ் மில்லில் உமிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் வந்துவிட வேண்டும்.