பெயரா, கப்பலா: இரண்டு நடுநிலைகள்

2020 மார்ச் இறுதி. ஹாங்காங்கின் அரசு ஒலிபரப்பு நிறுவனத்தைச் சேர்ந்த நிருபர், உலக சுகாதார அமைப்பின் மூத்த ஆலோசகர் புரூஸ் எய்ல்வர்டிடம் காணொளியில் கேட்கிறார்: தைவானை உறுப்பினராகச் சேர்ப்பது பற்றி மறுபடி யோசிப்பீர்களா? சில நொடிகள் மௌனம். கேள்வி காதில் விழவில்லை என்கிறார் அவர். திரும்பக் கேட்கட்டுமா என்றால், வேண்டாம், அடுத்த கேள்விக்குப் போகலாம் என்கிறார். நிருபர் விடவில்லை. இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தால், சீனாவைப் பற்றித்தான் ஏற்கெனவே பேசியாயிற்றே என்று முடித்துக்கொண்டார்.

உலக சுகாதார அமைப்பு இதை நடுநிலை என்கிறது. வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத் தீயை அணைக்கப் போவதைப் போன்ற நடுநிலை இது. தைவானைத் தன் பகுதி என்கிறது சீனா. 1971இல் ஐ.நா. பொதுச்சபை, அதுவரை தைவானிலிருந்த அரசின் கையில் இருந்த சீனாவின் இருக்கையை பெய்ஜிங்குக்குக் கொடுத்தது. மறு ஆண்டே உலக சுகாதார அமைப்பின் முடிவெடுக்கும் மன்றமான சுகாதாரப் பேரவையும் அதைப் பின்பற்றியது. 2003இல் சார்ஸ் நோய் பரவித் தைவான் தலைநகர் தைபேயின் ஹோபிங் மருத்துவமனை ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை உள்ளே வைத்துப் பூட்டப்பட்டது. அமைப்பின் நிபுணர்கள் வந்து சேர்ந்தது மே மாதத்தில். தைவானில் நோய் தென்பட்டதோ மார்ச்சில். 2009 முதல் 2016 வரை 'சீன தைபே' என்ற பெயரில் பார்வையாளர் நாற்காலி கிடைத்தது. பெய்ஜிங்கோடு இணக்கமான மா யிங்ஜியோ பதவியிலிருந்து இறங்கி சாய் இங்வென் வந்த மறு ஆண்டு முதல் அழைப்பு நின்றுபோனது. வைரஸ் மாறவில்லை, அதிபர்தான் மாறினார்.

'விதி அப்படி, நாங்கள் என்ன செய்வது' என்பார்கள். அதே விதிப்படி ஐ.நா.வில் இல்லாத நாட்டையும் பேரவை சாதாரணப் பெரும்பான்மையால் சேர்த்துக்கொள்ளலாம். குக் தீவுகளும் நியுவேயும் அப்படி உள்ளே வந்தவைதான். பழியை பெய்ஜிங் மீது மட்டும் போடவும் முடியாது. 1989இல் பாலஸ்தீனம் உறுப்பினராக விண்ணப்பித்தபோது, சேர்த்தால் பணத்தை நிறுத்துவோம் என்று மிரட்டியது வாஷிங்டன். விண்ணப்பம் கிடப்பில் போடப்பட்டது.

செஞ்சிலுவை இயக்கத்துக்கும் இதே தலைவலி இருந்தது. இஸ்ரேலின் அவசர மருத்துவ உதவி அமைப்பான மாகென் டேவிட் அடோம் தன் சிவப்பு நட்சத்திரத்தை விடாது. சிலுவை, பிறை தவிர வேறு சின்னத்தை இயக்கம் ஏற்காது. பாலஸ்தீனச் செம்பிறைச் சங்கத்துக்கோ, பின்னால் எல்லோரும் ஏற்ற ஒரு நாடே இல்லை. பல பத்தாண்டு இழுபறிக்குப் பிறகு 2005 டிசம்பரில் மூன்றாவதாக ஒரு சின்னத்தை உருவாக்கினார்கள். சிவப்புப் படிகம்: சதுரத்தை ஒரு முனையில் நிற்க வைத்ததுபோன்ற வெற்று வடிவம், எந்த மதத்தின் சாயலும் இல்லாதது. 2006 ஜூனில் இரண்டு சங்கங்களும் ஒன்றாக உள்ளே வந்தன. 'அது தனியார் அமைப்பு, இது அரசுகளின் மன்றம்' என்ற சாக்கு இங்கே செல்லாது. ஜெனீவாவில் அன்று வாக்களித்தவர்களில் அரசுகளும் உண்டு. முட்டுக்கட்டையாக நின்ற பெயரையும் சின்னத்தையும் சற்றே வளைத்தார்கள், அவ்வளவுதான். என் வாக்கு இந்த வழிக்கே.

ஆனால் இதற்கும் விலை உண்டு. எல்லாத் தரப்பும் உள்ளே விட வேண்டுமென்றால் வாயைக் கட்ட வேண்டும். களத்தில் கண்டதைச் சம்பந்தப்பட்ட தரப்பிடம் ரகசியமாகச் சொல்வதே, இயக்கத்தின் போர்க்களப் பணியைச் செய்யும் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் வழக்கம். நைஜீரியாவிலிருந்து பிரிய முயன்று போரில் சிக்கிய பியாஃப்ராவில் அந்த மௌனம் பொறுக்காத பிரெஞ்சு மருத்துவர்கள் சிலர்தான் 1971இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பைத் தொடங்கியவர்களில் இருந்தார்கள். வாய் திறந்ததற்காக 1985இல் அந்த அமைப்பை எத்தியோப்பியா வெளியேற்றியது.

இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் வன்னியில் இதை நாம் அருகிலேயே பார்த்தோம். 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்ட பிறகும் செஞ்சிலுவைக் குழு வன்னியில் இருந்தது. 2009 பிப்ரவரி முதல் புதுமாத்தளன் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான காயக்காரர்களைக் கப்பலில் ஏற்றிச் சென்றது. அரசும் புலிகளும் சம்மதித்தால்தான் கப்பல் வரும். மருத்துவமனையில் ஷெல் விழுந்ததாக அறிக்கை விட்டபோதும், எறிந்தது யார் என்று அது சொல்லவில்லை. மே நடுவில் சண்டை உச்சத்தில் இருந்தபோது கப்பலால் கரையை நெருங்கவே முடியவில்லை.