வலியில்லா ஊசியா, அரசு ஊசியா?

பெங்களூரு அல்சூரில் கைக்குழந்தை உள்ள எங்கள் வீடுகளில் ஓயாத கேள்வி இது. மூத்தவளுக்குத் தனியார் கிளினிக்கில் காசு கொடுத்து ‘பெயின்லெஸ்’ தடுப்பூசி போட்டோம். சின்னவனுக்கு 6, 10, 14 வாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பென்டாவேலன்ட், அதாவது கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி, இலவசம்.

ஊசி குத்தும் வலி இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் கக்குவான் இருமலுக்கான பகுதியில். அரசு ஊசியில் செயலிழக்க வைத்த முழுக் கிருமி. மற்றதில் அதன் சில புரதங்கள் மட்டும். அதனால் காய்ச்சலும் வீக்கமும் குறைவு. மூத்தவள் அன்று மாலையே சிரித்து விளையாடினாள். சின்னவனுக்கோ முதல் ஊசியன்று ராத்திரி 101 டிகிரி, தொடையில் நெல்லிக்காய் அளவுக்குக் கல் போல வீக்கம். பாட்டி தேய்த்துவிட வந்தார், தடுத்தேன். ஈரத்துணி வைத்தோம், எடை பார்த்து டாக்டர் சொன்ன அளவில் பாரசிட்டமால் சொட்டு கொடுத்தோம். மடியை விட்டு இறங்கவே இல்லை, பால் மட்டும் குடித்தான். இரண்டாம் நாள் சரியாகிவிட்டது.

ஆனால் பெயின்லெஸ் தரும் பாதுகாப்பு சீக்கிரம் குறையும். என் ஓட்டு அரசு ஊசிக்கே. ஒரு ராத்திரித் தூக்கம் போனால் போகட்டும். எதைப் போட்டாலும் சரி, மூன்று மணி நேரம் விடாமல் அழுதாலோ, வலிப்பு வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.