மிஸ் கேரளா: ஓடையில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா?

மிஸ் கேரளா என்ற அலங்காரத் தொட்டி மீனுக்கு மலையாளத்தில் செங்கணியான், சோரக்கண்ணி என்றும் பெயர்கள் உண்டு. மூக்கிலிருந்து கண் வழியாக உடலின் நடுப்பகுதி வரை ஓடும் சிவப்புக் கோடுதான் காரணம். அதன் கீழே வால் வரை ஒரு கறுப்புக் கோடும் நீளும். 1865இல் இதை விவரித்த பிரான்சிஸ் டே, அன்றைய சென்னை கவர்னர் டெனிசனின் பெயரைச் சூட்டினார். கேரளம், கர்நாடக மலைகளின் ஓடைகளைத் தவிர இதற்கு உலகில் வேறு சொந்த வீடு இல்லை.

ஓடையில் பிடித்த மீன் வலை, பை, லாரி, விமானம் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். குளிர்ந்த, ஓடும் நீரில் வாழ்ந்ததற்குத் தேங்கிய தொட்டி பெருந்தண்டனை. 2005 முதல் 2012 வரை இந்த மீனும் இதன் நெருங்கிய உறவான சாலக்குடி இனமுமாக மூன்று லட்சத்துக்கும் மேல் ஏற்றுமதியாயின. 2008இல் கேரள அரசு பிடிப்புக்குத் தடை மாதங்கள் அறிவித்தது. ஆனால் இனப்பெருக்கம் பெரும்பாலும் அக்டோபருக்குப் பிறகு நடக்கிறது, தடையோ மழைக்கால மாதங்களையே முக்கியமாகக் குறிவைத்தது. அந்தத் தவறு இன்றும் என்னை வருத்துகிறது.

பண்ணை மீன் ஹார்மோன் ஊசியின் துணையால் பிறப்பது. தொட்டி நீரும் தீவனமும் அதற்குப் பழக்கம். விற்பவரிடம் “பண்ணையா?” என்று கேளுங்கள், தெளிவான பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். வாங்கினால் ஆறு மீனாவது வேண்டும், நீளமான தொட்டியில். இது கூட்டமாக வாழும் மீன்.