சரிவு நிலத்துக்கு வெட்டிவேர் நாற்று: ஒரு மதிப்புரை

கடலூர்ப் பகுதி நாற்றங்கால் ஒன்றில் வாங்கிய வெட்டிவேர் நாற்றுகளை, மழைநீர் அரித்துச் சென்ற செம்மண் சரிவின் குறுக்கே, சம உயரக் கோட்டில் நட்டதன் பலனை நிறைவோடு பதிவு செய்கிறேன்.

இந்தப் புல்லின் வேர்கள் பக்கவாட்டில் அதிகம் படராமல் செங்குத்தாக இறங்குகின்றன. ஏற்ற மண்ணில் முதல் ஆண்டிலேயே 2 முதல் 3 மீட்டர் வரை செல்லக்கூடியவை. ஆனால் உயிருள்ள வேர் மட்டுமே நீரை உள்ளே இறக்குவதில்லை. வளரும் இளவேர் மண் துளைகளை நிரப்பி நீரோட்டத்தைச் சிறிது குறைக்கவும் கூடும்; பழைய வேர்கள் மட்கிய பிறகு விட்டுச்செல்லும் குழாய் போன்ற வழிகளில்தான் மழைநீர் விரைந்து ஆழத்துக்கு இறங்குகிறது. எனவே நட்ட பருவத்திலேயே முழுப் பயனை எதிர்பார்ப்பது முறையல்ல. மேலே நெருங்கி நிற்கும் தூர்கள் ஓடும் நீரின் வேகத்தைத் தணித்து, வண்டலைத் தடுத்து நிறுத்துவதால், நீர் ஊறுவதற்கு அவகாசம் கிடைக்கிறது. என் நிலத்தில் முதலில் கண்ட மாற்றம் இதுவே.

நாற்றுகள் ஈரமான சாக்கில் கட்டப்பட்டு, வேர் காயாமல் வந்தன. சில தூர்கள் மெலிந்திருந்தன. அவற்றை மாற்றித் தந்தார்கள். 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நட வேண்டும் என்பதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. இடைவெளி கூடினால் அந்தச் சந்திலேயே நீர் பாய்ந்து அரிக்கும் என்பதால், இது அவசியம் சொல்லப்பட வேண்டிய செய்தி. வடகிழக்குப் பருவமழைக்குச் சில வாரங்கள் முன்பே வாங்கி நட்டு, வேர் பிடிக்கும் வரை நீர் ஊற்றுபவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.