கூகுளில் மேலே வர: விளம்பரமா, மேப்பா, சொந்தத் தளமா?

திருகோணமலை நிலாவெளியில் நாலு அறை வைத்திருப்பவரும் எதிரேயுள்ள புறாமலைத் தீவுக்குப் படகு விடுபவரும் கேட்பது ஒன்றுதான்: கூகுளில் எப்படி மேலே வருவது? நியாயமான கேள்வி. கொழும்பிலிருந்து வருபவரானாலும் ஜெர்மனியிலிருந்து வருபவரானாலும் அறை தேடுவது போனில்தான். நிலாவெளி ஹோட்டல் என்று அடித்தால், பெரும்பாலும் முதலில் விளம்பரங்கள், அப்புறம் மேப்போடு சில விடுதிகள். சாதாரண முடிவுகளைக் காண விரலால் தள்ளிக்கொண்டே போகவேண்டும். அவ்வளவு கீழே போகிறவர்கள் குறைவு.

விளம்பரத்தின் பெரிய பலம் வேகம். இன்று காசு கட்டினால் இன்றே மேலே வரலாம். ஆனால் கூடக் காசு கொடுப்பவருக்கே முதலிடம் என்று பலர் நினைக்கிறார்கள். 1998இல் கோடூ என்ற தேடுதளம் அப்படித்தான் இடத்தை ஏலம் விட்டது. கூகுள் ஒவ்வொரு தேடலுக்கும் ஏலம் நடத்தினாலும், கேட்கும் தொகையோடு விளம்பரம் தேடலுக்குப் பொருந்துகிறதா, அழுத்திப் போகும் பக்கம் பயன்படுமா என்றும் பார்க்கிறது. அதனால் குறைந்த தொகை கேட்டவரும் மேலே நிற்கலாம்.

காசு வீணாவது, எந்தத் தேடலுக்கு விளம்பரம் வரவேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்கும் சொற்களில். 'திருகோணமலை ஹோட்டல்' என்ற பொதுச் சொல்லுக்குப் பெரிய புக்கிங் தளங்களோடு மோதவேண்டும். அதோடு, ஹோட்டலில் வேலை தேடும் பிள்ளையும் அதே விளம்பரத்தை அழுத்துவார், அதற்கும் உங்கள் காசுதான் போகும். 'வேலை' போன்ற சொற்களை விலக்குச் சொற்களாக, அதாவது தேடலில் அவை இருந்தால் விளம்பரம் வரவேண்டாம் என்று, சேர்த்துவிட்டு, 'நிலாவெளி கடற்கரை குடும்ப அறை' என்று குறுக்குங்கள். ஒரு கிளிக் 60 ரூபாய், 25 கிளிக்குக்கு ஒரு புக்கிங் என்று வைத்தால் செலவு 1,500 ரூபாய். 12,000 ரூபாய் அறைக்குப் புக்கிங் தளம் 15 வீதம் எடுத்தால் 1,800 போகும். வித்தியாசம் அவ்வளவுதான். சொல்லைக் கவனிக்காமல் விட்டு 40 கிளிக்குக்கு ஒரு புக்கிங் என்று ஆனால், புக்கிங் தளத்துக்கே கொடுத்திருக்கலாம்.

மேப்பில் வர காசே வேண்டாம், விளம்பரம் என்று குறித்த இடங்களைத் தவிர, காசு கொடுத்து அங்கே மேலே ஏறவும் முடியாது. தேடலுக்குப் பொருத்தம், தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது, இந்த மூன்றையும் கூகுள் பார்க்கிறது. சரியான தொலைபேசி எண், திறக்கும் நேரம், புதுப் படங்கள், தங்கிப்போனவர்களின் உண்மையான கருத்துகள் எல்லாம் இருக்கவேண்டும். நம் ஊரில் இதைக்கூடச் செய்யாமல் விளம்பரத்துக்குக் காசு கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது.

சொந்தத் தளம் மேலே வர மாதக்கணக்கில் ஆகும். வந்தபின் கிளிக்குக்குக் காசு இல்லை. பொதுச் சொற்களில் பெரிய தளங்களை முந்துவது கஷ்டம். ஆனால் புறாமலைக்கு எங்கே சீட்டு எடுப்பது, காலையில் எத்தனை மணிக்குப் படகு, கடல் எந்த மாதங்களில் அமைதி என்று ஊர்க்காரர் எழுதும் பக்கத்துக்கு அவர்களால் ஈடு கொடுக்க முடியாது.

என் கணக்கில் எல்லோருக்கும் மேப் முதலில். அறை வைத்திருப்பவர் மே முதல் செப்டெம்பர் வரை குறிப்பான சொற்களுக்கு விளம்பரம் போடலாம். மழை தொடங்கியதும் அதை நிறுத்திவிட்டுச் சொந்தத் தளத்துக்கு எழுதட்டும். படகு விடுபவருக்கு விளம்பரமே தேவையில்லை. அவரைத் தேடுகிறவர் ஏற்கெனவே நிலாவெளிக் கரையில் போனோடு நிற்கிறார், தூரத்தையும் பார்க்கும் மேப் பக்கத்திலிருக்கும் படகுக்காரரை மேலே காட்ட வாய்ப்பு அதிகம்.