ராபின் திரும்பி வந்தால்: 'அண்டர் தி ரெட் ஹூட்'

1988-ல் காமிக்ஸ் வாசகர்களே போனில் ஓட்டுப் போட்டு, பேட்மேனின் இளம் கூட்டாளியான 'ராபின்' வேடத்தில் இரண்டாவதாக வந்த ஜேசன் டாட்டைச் சாகவிட்டார்கள். சாகட்டும் என்றவர்கள் 5,343, பிழைக்கட்டும் என்றவர்கள் 5,271. அநியாயம்!

அந்த ஜேசன், பேட்மேனின் பரம எதிரி ஜோக்கர் ஒருகாலத்தில் வைத்திருந்த 'ரெட் ஹூட்' பெயரிலேயே திரும்பி வருவதுதான் இந்த 2010 அனிமேஷன் படம். போதை வியாபாரிகள் முன்னால் ஒரு பையைத் தூக்கிப் போடுகிறான். உள்ளே அவர்களுடைய கையாட்களின் தலைகள். குழந்தைகளோடு பார்க்காதீர்கள். சண்டைகள் சரி, நல்ல வேகம். ஆனால் என்னை உலுக்கியது கடைசிக் காட்சிதான். பேட்மேன் தன்னைக் காப்பாற்றாததை ஜேசன் மன்னித்துவிடுகிறான். தன்னைக் கொன்ற ஜோக்கரை ஏன் இன்னும் உயிரோடு விட்டிருக்கிறாய் என்றுதான் கேட்கிறான். ஜேசனுக்குப் பேசியிருக்கும் ஜென்சன் ஆக்கிள்ஸின் குரல் அங்கே உடைகிறது. பேட்மேன் சொல்லும் பதில் எனக்குப் போதவில்லை. ஒன்றேகால் மணி நேரப் படம்தான். ஆங்கிலக் குரலிலேயே பாருங்கள்.